குளிரில் சுடாத துப்பாக்கி: ஓர் அமானிதத்தின் பாடம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

 

மார்கழி பிறந்துவிட்டால் நம் திட்டக்குடியில் குளிர் வந்ததற்கு முதல் அடையாளம் தேங்காய் எண்ணெய்ப் புட்டிதான். இரவில் தெளிந்த நீர்போல் இருந்த எண்ணெய், சுப்ஹுத் தொழுகைக்குப் பின் பார்த்தால் வெண்ணெயாய் இறுகியிருக்கும். மக்தபுக்கு ஓத வரும் சிறுபிள்ளைகளின் தலையில் உருகாத எண்ணெய் வெள்ளைத் திட்டுகளாய்த் தெரியும். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே இறங்கினால் உறையத் தொடங்கும் என்பதால், வெள்ளாற்றங்கரையின் இளங்குளிரே அதற்குப் போதும். புட்டியை வெயிலில் சற்று நேரம் வைத்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். நம் ஊரில் குளிர் செய்கின்ற தொல்லை அவ்வளவுதான் என்று நாம் எண்ணியிருந்தோம்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு மாணவன் நமக்கு வேறொரு பாடத்தைக் கொண்டுவந்து சேர்த்தான்.

அவன் நம்மிடம் அலிஃப் பே தொடங்கி ஓதியவன். இப்போது கல்லூரியில் இரண்டாமாண்டு படிக்கின்றான். அவனுடைய அத்தா கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கின்றார். கல்லூரியில் தேசிய மாணவர் படையில் சேர்ந்த அவன், குறிபார்த்துச் சுடுவதில் நல்ல தேர்ச்சி காட்டியதால், நீலகிரியில் நடைபெறும் முகாமுக்குத் தேர்வானான். வெலிங்டன் பக்கம் போகிறேன் என்று அவன் வீட்டில் சொன்னபோது, அவனுடைய அம்மா கீழ்ச்செருவாயில் உள்ள நம் வெலிங்டன் ஏரியைத்தான் நினைத்தார்களாம். ‘ஏரிக்கரைக்குப் போக எதற்குக் கம்பளிச் சட்டை?’ என்று கேட்டார்களாம். மெட்ராஸ் ரெஜிமென்டின் மையம் இருக்கின்ற மலைமேல் வெலிங்டன் வேறு என்று தெரிந்தபின்தான் வீட்டில் கவலை தொடங்கியது.

கவலை குளிரைப் பற்றியதன்று, துப்பாக்கியைப் பற்றியது. அவனுடைய அத்தா ஒருநாள் மஃரிபுக்குப் பின் பள்ளிவாசலிலேயே காத்திருந்து நம்மிடம் கேட்டார்: “ஹஜ்ரத், நம்ம புள்ள கையில துப்பாக்கியோட நிக்கிற மாதிரி ஒரு போட்டோ வெளிய போனா, நாளைக்கு யாரு எப்படிப் பேசுவாங்களோ? அனுப்பலாமா, வேணாமா? நீங்க சொல்லுங்க.”

இந்தக் கேள்வியின் கனம் நம் சமுதாயக் குடும்பங்களுக்கு விளக்கத் தேவையில்லாதது. பக்கத்து வீட்டுப் பிள்ளை அதே சீருடையில் நின்றால் பெருமையாகின்ற படம், நம் வீட்டுப் பிள்ளை நின்றால் நமக்கே நடுக்கத்தைத் தருகின்றது. அந்த நடுக்கத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. ஆயினும் அனுப்புங்கள் என்றே சொன்னோம். 1948ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அமைந்த படை அது. ஒற்றுமையும் ஒழுக்கமும் அதன் குறிக்கோள். துப்பாக்கி பிள்ளையின் சொந்தப் பொருளன்று. பயிற்சி முடிந்ததும் எண்ணிக்கை பார்த்து ஆயுத அறையில் பூட்டப்படும் அரசாங்கத்தின் அமானிதம்.

அவன் புறப்படும் முன் சலாம் சொல்ல வந்தபோது, அமர்த்திச் சில செய்திகளைச் சொன்னோம். அஸ்லம் கூட்டத்தார் அம்பெய்து போட்டியிட்டுக் கொண்டிருந்தபோது பெருமானார் (ஸல்) அவர்கள் அவ்வழியே சென்று அவர்களை ஊக்கப்படுத்தினார்கள். இஸ்மாயீல் (அலை) அவர்களின் வழித்தோன்றல்கள் என்று அழைத்து, அந்தத் தந்தையும் வில்லாளர் என நினைவூட்டினார்கள். ஸஹீஹுல் புகாரியில் இந்நிகழ்ச்சி இடம்பெற்றுள்ளது. அதே பெருமானார் (ஸல்) அவர்கள், விளையாட்டாகக்கூட ஒருவர் தம் சகோதரரை நோக்கி ஆயுதத்தைக் காட்டுவதைக் கடுமையாகத் தடுத்தார்கள். ஷைத்தான் கையை வழுக்கச் செய்துவிடக்கூடும் என்று அதன் காரணத்தையும் விளக்கினார்கள். பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ அம்புடன் நடப்பவர் அதன் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றும் பணித்தார்கள். உறையிலிருந்து உருவிய வாளை அப்படியே மற்றவரிடம் கொடுப்பதும் தடுக்கப்பட்டுள்ளது. இவற்றையெல்லாம் கேட்ட அவன் சிரித்துக்கொண்டே, “ஹஜ்ரத், எங்க ஹவில்தார் முதல் நாள் சொல்லிக் கொடுத்ததும் இதேதான்” என்றான். குழல் முனையை ஒருபோதும் மனிதர் பக்கம் திருப்பாதே, கொடுக்கும்போதும் வாங்கும்போதும் உள்ளே தோட்டா இல்லை என்பதைத் திறந்து காட்டு என்பதே அவர்களுடைய முதல் விதியாம்.

பத்து நாட்களுக்குப் பின் அவன் திரும்பி வந்தான். முகத்தில் களை இல்லை. அன்றிரவே அவனுடைய அத்தாவும் வந்தார். “ஹஜ்ரத், நீங்க சொன்னீங்கன்னுதான் அனுப்பினேன். இவன் அங்க போய் என்ன பண்ணிட்டு வந்திருக்கான்னு கேளுங்க” என்றார்.

நடந்தது இதுதான்.

முகாமில் மாணவர்கள் பயன்படுத்துவது பாயிண்ட் டூ டூ ரைஃபிள். குழலின் உள்விட்டம் அங்குலத்தில் நூற்றுக்கு 22 பங்கு. மாணவர்கள் 25 கெஜ தூரத்தில் வைத்த தாள் இலக்கைப் படுத்தபடி சுடுவார்கள். முதல்நாள் மாலை துப்பாக்கிகளைத் துடைத்து எண்ணெய் இடும் பணி அவனுக்கும் இன்னொரு மாணவனுக்கும் கொடுக்கப்பட்டது. தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டே வளர்ந்த பிள்ளை அல்லவா? எண்ணெய் நிறைய விட்டால் இயந்திரம் வழுக்கிக்கொண்டு ஓடும் என்பது அவனுக்குச் சிறுவயதிலிருந்தே தெரிந்த பாடம். நன்மை என்று எண்ணி, தன் பங்குத் துப்பாக்கிகளின் போல்ட்டுக்குள் தாராளமாக எண்ணெயை ஊற்றிவிட்டான்.

அந்த இரவில் மலையில் உறைபனி இறங்கியது. உதகைப் பகுதியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இறங்குவதும், புல்வெளி உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடப்பதும் வழக்கம். விடிந்து சற்று நேரத்தில் சுடுதல் தொடங்கியது. முதல் மாணவன் விசையை அழுத்தினான். ‘டிக்’ என்ற ஒலி மட்டும் வந்தது. குண்டு வெடிக்கவில்லை. அடுத்த தோட்டாவும் அப்படியே. பக்கத்துத் துப்பாக்கியிலும் அதே கதை.

இப்படி நேரும்போது உடனே போல்ட்டைத் திறக்கக் கூடாது. தோட்டா தாமதமாக வெடிக்கக்கூடும். குழலை இலக்கின் பக்கமே வைத்தபடி, அசையாமல், ஏறத்தாழ அரை நிமிடம் காத்திருந்து, அதன்பின் பயிற்சியாளரின் கட்டளைப்படி திறக்க வேண்டும். மாணவர்கள் அப்படியே செய்தார்கள், அல்ஹம்துலில்லாஹ். யாருக்கும் ஒரு கீறலும் இல்லை.

ஹவில்தார் வெடிக்காத தோட்டாவை எடுத்துக் காட்டினாராம். இந்தச் சிறு தோட்டாவின் அமைப்பு தனித்தன்மை உடையது. பெரிய தோட்டாக்களில் தீமூட்டும் மருந்து அடிப்பாகத்தின் நடுவில் ஒரு சிறு கிண்ணத்தில் இருக்கும். இதிலோ, அடிப்பாகத்தைச் சுற்றியுள்ள மெல்லிய விளிம்பின் மடிப்புக்குள் மருந்து தடவப்பட்டிருக்கும். ஊசி அந்த விளிம்பை ஓங்கி அடித்து நசுக்கினால்தான் தீப்பொறி பிறக்கும். வெடிக்காத தோட்டாவின் விளிம்பில், நகம் பட்டதுபோல் லேசான தடம் மட்டுமே இருந்தது. ஊசி அடித்திருக்கின்றது, ஆனால் ஓங்கி அடிக்கவில்லை.

ஏன் அடிக்கவில்லை? போல்ட்டைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே கறுப்புக் களிம்பு. இந்த ஈயக் குண்டுகளின் மேல் மெழுகுப் பூச்சு உண்டு. சுடச்சுட அந்த மெழுகும், ஈயத் துகளும், மருந்துக் கரியும் உள்ளே படிந்துவிடும். அதன்மேல் அளவுக்கு மீறி ஊற்றிய எண்ணெய் அனைத்தையும் குழைத்துவிட்டது. சமவெளியின் வெயிலில் அது இளகிக் கிடந்திருக்கும். மலைக்குளிரில் தேன்பாகாய் இறுகி, ஊசியின் வேகத்தைக் குறைத்துவிட்டது. நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய்ப் புட்டிக்கு மார்கழியில் நேர்வது போன்றதே இது.

“யார் எண்ணெய் போட்டது?” என்று கேட்டார்கள். இரண்டு மாணவர்கள் செய்த பணி அது. எந்தத் துப்பாக்கி யார் கையில் வந்தது என்பதற்கு எழுத்து இல்லை. நம் பிள்ளை ஓரடி முன்னே வந்து, “நான்தான் போட்டேன், அவர் போட்டது சரியாகத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டான். அன்றைய தேர்வுச் சுற்றில் அவனைச் சுடவிடவில்லை. அணியிலும் இடம் கிடைக்கவில்லை.

அவனுடைய அத்தாவின் கோபம் எண்ணெயைப் பற்றியதன்று. “எதுக்குடா நீயா போய்ச் சொன்னே? துப்பாக்கியில கோளாறு, அதுக்குக் காரணம் நம்ம புள்ளன்னு ஒரு பேரு வந்தா, அது சாதாரணப் பேரா?” என்பதுதான் அவருடைய கேள்வி. அதைக் கேட்கும்போது அவர் குரல் தழுதழுத்தது.

சகோதரர்களே, ஒன்றை மறைக்காமல் எழுதிவிடுகின்றோம். அந்தக் கணத்தில் நம்முடைய உள்ளமும் தடுமாறியது. ‘பேசாமல் இருந்திருக்கலாமே’ என்ற எண்ணம் நமக்கும் வந்தது. நாற்பது வயதைக் கடந்து, இத்தனை ஆண்டுகளாய் உண்மை பேசுங்கள் என்று பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்துவிட்டு, ஒரு பிள்ளை அதைச் செய்து வந்து நிற்கும்போது நாம் அச்சத்தின் பக்கம் சாய்ந்தோம். பிள்ளைதான் நம்மைத் திருத்தினான். “ஹஜ்ரத், நான் சொல்லலன்னா அந்தப் பையன்மேல போயிருக்கும். அவன் ஒழுங்காத் தொடச்சவன்” என்றான். அதற்கு மேல் நாம் சொல்வதற்கு என்ன இருக்கின்றது? செய்த தவற்றை இன்னொருவர் தலையில் விழவிட்டுக் காக்கின்ற பெயர், அல்லாஹ்விடத்தில் நற்பெயராகுமா? அவனுடைய அத்தாவிடம் அதையே சொன்னோம். அவர் உடனே சமாதானமாகவில்லை. நெடுநேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு, மகனுடைய தோளில் கைவைத்து அழைத்துச் சென்றார்.

முகாமில் அவனுக்குத் தண்டனையாகக் கிடைத்தது, மிச்ச நாட்களில் எல்லாத் துப்பாக்கிகளையும் அந்த ஹவில்தாரின் பக்கத்தில் இருந்து துடைப்பது. அதுவே அவனுக்குக் கல்வியாகிவிட்டது. அங்கே கற்றதை அவன் நம்மிடம் ஒவ்வொன்றாய்ச் சொன்னான். பள்ளி, கல்லூரிகளில் மாணவர் படையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு உதவும் என்பதால் இங்கே எழுதுகின்றோம்.

குளிரான இடத்தில் எண்ணெய் குறைவாய் இருப்பதே நலம். போல்ட்டையும் ஊசியையும் முதலில் பழைய எண்ணெயும் களிம்பும் போகத் துடைத்து உலர்த்த வேண்டும். அதன்பின் துணியில் தொட்ட எண்ணெயால் மெலிதாய் ஒருமுறை தடவினால் போதும். துருப்பிடிக்காமல் காப்பதற்கு அந்தப் படலமே போதுமானது. குழலுக்குள் புல்த்ரூ கயிற்றில் துணி கோத்து இழுக்கின்றார்கள் அல்லவா, சுடுவதற்கு முன் கடைசியாய் இழுப்பது உலர்ந்த துணியாக இருக்க வேண்டும்.

அடுத்தது வியர்வை. குளிரில் கிடந்த இரும்பைச் சட்டென்று வெப்பமான அறைக்குள் கொண்டுவந்தால், காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் நீராய்ப் படியும். குளிர்ந்த நீர் ஊற்றிய செம்பு வெளிப்புறம் வியர்ப்பதுபோல. துடைக்காமல் அப்படியே மறுநாள் வெளியே எடுத்துச் சென்றால், அந்த நீர் உள்ளே உறைந்து விசையையே பிடித்துக்கொள்ளலாம். எனவே உறைக்குள் வைத்தபடியே மெல்ல மெல்ல அறையின் சூட்டுக்கு வரவிட்டு, பின்னர் கழற்றித் துடைக்க வேண்டும்.

மூன்றாவது, தோட்டாவின் மெழுகும் குளிரில் கெட்டிப்படும். தோட்டா அறைக்குள் இறங்க முரண்டு பிடித்தால் போல்ட்டை அடித்துத் திணிக்கக் கூடாது. அறையின் வாயைத் துடைக்க வேண்டும். நான்காவது, குளிரில் மருந்தின் வேகமும் சற்றுக் குறையும். குண்டு வழக்கமான இடத்துக்குக் கீழே படக்கூடும். ஆகவே சமவெளியில் சரிசெய்த குறியை மலையில் நம்பாமல், அங்கேயே ஓரிரு குண்டுகள் சுட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐந்தாவது, ஊசி அடிக்கின்றதா என்று சோதிப்பதற்காகத் தோட்டா இல்லாமல் விசையை அழுத்திப் பார்க்கும் பழக்கம் இவ்வகைத் துப்பாக்கிக்கு ஆகாது. ஊசி அறையின் விளிம்பிலேயே மோதி, இரண்டும் பழுதாகலாம்.

பனிநாடுகளில் பனிச்சறுக்கோடு துப்பாக்கி சுடுதலையும் சேர்த்து பயத்லான் என்றொரு போட்டி நடத்துகின்றார்கள். 1960 முதல் குளிர்கால ஒலிம்பிக்கில் அது இருக்கின்றது. 1978ஆம் ஆண்டிலிருந்து அதில் பயன்படுவதும் இதே சிறு தோட்டாதான். 50 மீட்டரில், படுத்துச் சுடும்போது 45 மில்லிமீட்டர் அகலமே உள்ள இலக்கு. பனி உள்ளே புகாதிருக்கக் குழல் முனைக்கும் குறிகாட்டிக்கும் மூடிகள் வைத்திருப்பார்கள். பூஜ்யத்துக்குப் பல டிகிரி கீழேயும் அத்துப்பாக்கி சுடுகின்றதென்றால், கருவியின் சிறப்போடு அன்றாடம் துடைத்து உலர்த்துகின்ற கைகளின் சிறப்பும் அதில் உண்டு.

அவன் நம்மிடம் ஒரு மார்க்கச் சட்டமும் கேட்டான். துப்பாக்கியின் மெழுகும் களிம்பும் ஒட்டிய கையோடு ஒளூ செய்தால் கூடுமா? கூடும், கூடாது என்பது படிந்திருப்பதைப் பொறுத்தது. வெறும் எண்ணெய்ப் பசை தோலின்மேல் நீர் ஓடுவதைத் தடுக்காது. ஆனால் மெழுகோ கெட்டிக் களிம்போ படலமாய் ஒட்டி நீரைத் தோலில் படவிடாமல் தடுத்தால், அதை நீக்கிய பின்பே ஒளூ நிறைவேறும். நகக்கண்ணையும் கவனிக்க வேண்டும்.

அந்தக் குளிரில் ஒளூவே பெரும் சோதனையாயிருந்ததாம். குழாய் நீர் கையில் பட்டதும் விரல் மரத்துப்போகும். சிரமமான வேளையிலும் ஒளூவை நிறைவாய்ச் செய்வது பாவங்களை அழிக்கும் செயல்களில் ஒன்று என்று பெருமானார் (ஸல்) அவர்கள் நற்செய்தி சொன்னதை அவனுக்கு நினைவூட்டினோம். அத்துடன் மார்க்கம் தருகின்ற இலேசையும் சொன்னோம். நிபந்தனைகளோடு அணிந்த தோலுறையின்மேல் பயணி மூன்று நாட்கள் இரவும் பகலும் மஸ்ஹு செய்யலாம். தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பில் கடுங்குளிரான ஓர் இரவில், குளித்தால் உயிருக்கே ஆபத்து என அஞ்சிய அம்ர் இப்னு ஆஸ் (ரலி) அவர்கள் தயம்மும் செய்து தம் தோழர்களுக்குத் தொழுவித்தார்கள். செய்தி அறிந்த பெருமானார் (ஸல்) அவர்கள் சிரித்தார்கள், கண்டிக்கவில்லை. அபூதாவூதில் இச்செய்தி உள்ளது. வெறும் சோம்பலுக்கு அது சான்றாகாது. நீரைச் சூடாக்க வழியிருந்தால் சூடாக்கிக்கொள்ள வேண்டும்.

அவன் சென்ற பின் நாம் நெடுநேரம் யோசித்தோம். துப்பாக்கிக்கு இடும் கொழுப்பு நம் நாட்டில் ஒரு காலத்தில் பெருந்தீயை மூட்டியது. 1857இல் என்ஃபீல்டு துப்பாக்கித் தோட்டாக்களின் உறையில் பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் தடவப்பட்டுள்ளன, அதைப் பல்லால் கடிக்க வேண்டும் என்ற செய்தியே சிப்பாய்களின் எழுச்சிக்கு உடனடிக் காரணங்களுள் ஒன்றானது. அதே 1857இல்தான் அமெரிக்காவில் இவ்வகைச் சிறு விளிம்புத் தோட்டா முதன்முதலில் விற்பனைக்கு வந்தது. அன்று முஸ்லிம் சிப்பாயும் இந்துச் சிப்பாயும் ஒரே தோட்டாவைக் கண்டு ஒன்றாய் மனம் நொந்தார்கள். இன்று நம் பிள்ளையும் அந்த இன்னொரு மாணவனும் ஒரே துணியைக் கிழித்து, ஒரே துப்பாக்கியைத் துடைத்தார்கள். அவனைக் காப்பதற்காக இவன் முன்னே வந்தான். முகாம் முடிந்து புறப்படும்போது அந்த மாணவன் தன் கம்பளிக் கையுறையைக் கழற்றி இவனுக்குக் கொடுத்திருக்கின்றான். அதை நம்மிடம் காட்டும்போதுதான் பிள்ளையின் முகத்தில் களை திரும்பியது.

அல்லாஹ் எல்லாப் பொருளிலும் இஹ்ஸானை, அதாவது செய்வன திருந்தச் செய்தலை, விதித்துள்ளான் என்று சொன்ன பெருமானார் (ஸல்) அவர்கள், அதற்கு எடுத்துக்காட்டாய்க் காட்டியது ஒரு கருவியைத்தான். அறுப்பவர் தம் கத்தியைத் தீட்டிக்கொள்ள வேண்டும், பிராணிக்கு வேதனை தரக்கூடாது என்றார்கள். கருவியைப் பேணுவதும் வணக்கத்தின் ஒரு பகுதி என்பதை இதைவிடத் தெளிவாய் எப்படிச் சொல்வது? இன்னொன்றும் உண்டு. குறைவானதாயினும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்ற நபிமொழியை நாம் எத்தனையோ முறை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கின்றோம். ஆனால் நாமே ரமளானில் பிள்ளைகள்மேல் பாடங்களை ஊற்றிவிட்டு, ஷவ்வாலில் கண்டுகொள்ளாமல் விட்டதும் உண்டு. ஒரே நாளில் ஊற்றியது இறுகிவிடும், நாள்தோறும் மெலிதாய்த் தடவியது காக்கும். இவ்வாண்டு மக்தபில் ஒரு நாளைக்கு அரைப் பக்கம், ஆனால் ஒரு நாளும் விடாமல் என்று மாற்றியிருக்கின்றோம். இன்ஷா அல்லாஹ் பயன் தரும்.

சீருடையில் அவன் துப்பாக்கியோடு நிற்கும் படம் ஒன்று உண்டு. அவனுடைய அம்மா அதை யாருக்கும் அனுப்பவில்லை. ஆனால் அச்செடுத்துச் சட்டமிட்டு, தையல் கடையின் உட்சுவரில், இயந்திரத்துக்கு நேர் எதிரே அவனுடைய அத்தா மாட்டியிருக்கின்றார். வாடிக்கையாளர் பார்வைக்கு அது படாது. தைக்க உட்கார்ந்தவர் தலைநிமிர்ந்தால் தெரியும். சென்ற வாரம் ஜிப்பா அளவு கொடுக்கச் சென்றபோது அதைக் கண்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எண்ணெய்ப் புட்டியை எடுத்து, இயந்திரத்துக்கு ஒரே ஒரு சொட்டு விட்டு, துணியால் துடைத்தார்.

நம் பிள்ளைகள் அனைவரையும் உண்மையாளர்களாகவும், ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தைப் பேணுபவர்களாகவும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.